குளிர் மரையுருட்டலின் எண்முறை உருவகப்படுத்தல்

குளிர் மரையுருட்டலின் எண்முறை உருவகப்படுத்தல் என்பது, அறை வெப்பநிலையில் உலோகத் தண்டின் மீது அச்சுகளை அழுத்தி உருட்டி மரை உருவாக்கும்போது, உலோகம் அடையும் உருமாற்றத்தைக் கணினியின் துணையுடன் கணிக்கும் முறையாகும். இதற்குப் பெரும்பாலும் முடிவுறு கூறு முறை பயன்படுத்தப்படுகிறது.

பின்னணி

கடைசல் எந்திரத்தில் மரை வெட்டும்போது உலோகம் சீவலாக நீக்கப்படுகிறது. உருட்டலில் சீவல் உண்டாவதில்லை. அச்சின் முகடு அழுந்தும் இடத்திலிருந்து உலோகம் இடம்பெயர்ந்து, மரையின் முகடாக எழுகிறது. கன அளவு மாறாததால், தண்டின் தொடக்க விட்டம் ஏறத்தாழ மரையின் இடைவிட்டத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.5 மி.மீ. புரியிடைத் தூரம் கொண்ட எம்10 மரையாணியின் இடைவிட்டம் 9.026 மி.மீ. ஆகும். தண்டு பருத்திருந்தால் அச்சின் மீதான விசை மிகும். மெலிந்திருந்தால் முகடு நிறைவடையாது.

கணிப்பு முறை

தண்டு சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. அச்சுகள் பொதுவாக உருமாறாத திண்மங்களாகக் கொள்ளப்படுகின்றன. உலோகம் எப்போது மீளா உருமாற்றத்தைத் தொடங்கும் என்பதை 1913 இல் ஃபான் மீசசு வெளியிட்ட நிபந்தனை தீர்மானிக்கிறது. உருமாற உருமாற உலோகம் கடினமடைவதால், தகைவு-திரிபு வளைகோடு உள்ளீடாகத் தேவைப்படுகிறது.

தண்டின் நீள்வெட்டை மட்டும் கருதும் இருபரிமாண மாதிரி விரைவானது. எனினும் தண்டு சுழலும்போது உலோகம் சுற்றுத்திசையில் நகர்வதை அது காட்டாது. அதற்கு முப்பரிமாண மாதிரி வேண்டும். மரையின் அடிப்பகுதியில் கூறுகள் மிகவும் சிதைவதால், கணக்கீட்டின் இடையே வலையை மீண்டும் அமைக்க நேரிடும்.

முடிவுகள்

திரிபு மரையின் அடிப்பகுதியில் மிகுந்தும், தண்டின் மையத்தை நோக்கிக் குறைந்தும் காணப்படும். இரு பக்கச்சரிவுகளிலும் மேலேறும் உலோகம் முகட்டின் நடுவே சந்திக்கும்போது நுண்ணிய மடிப்பு உண்டாகலாம். அடிப்பகுதியில் எஞ்சும் அமுக்கத் தகைவு, மரையாணியின் களைப்பு வலிமையை உயர்த்துகிறது. உருட்டலுக்குப் பின் வெப்பப் பதப்படுத்தல் செய்தால் இப்பயன் பெரிதும் குறைந்துவிடும். அளவுக்கு மீறி உருட்டினால் தண்டின் மையத்தில் விரிசல் தோன்றக்கூடும்.

வரையறைகள்

உராய்வுக் கெழுவை நேரடியாக அளத்தல் கடினம். அதன் மதிப்பு பிழையானால், மரை வடிவம் சரியாக அமைந்தாலும் விசை, எஞ்சிய தகைவு ஆகியவற்றின் கணிப்பு தவறலாம். எனவே வடிவ ஒற்றுமையை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், வெட்டுமுகத்தின் கடினத்தன்மை, உருட்டு விசை ஆகியவற்றின் அளவீடுகளுடனும் முடிவுகளை ஒப்பிடுதல் இன்றியமையாததாகும்.