சென்னை–பலாலி வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறையை ஒட்டி அமைந்துள்ள பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர் எனக் கொள்ளும் விமானிகளின் கணக்கில் இது சுமார் 192 கடல் மைல் ஆகும். இது பெருவட்டத் தொலைவு, அதாவது உருண்டையான புவிப்பரப்பின் மீது இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். இரு நிலையங்களும் 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால் அவ்வழி ஏறக்குறைய நேர் தெற்காகச் செல்கிறது. கல்பாக்கம் பகுதியில் கரையை விட்டு விலகி, வங்கக் கடலின் மேலாகக் கோடியக்கரைக்குக் கிழக்கே கடந்து, இலங்கையின் வடகரையை எட்டுகிறது.

இத்தடத்தில் இயங்கும் ஏ.டி.ஆர். 72 என்பது சுழலி எஞ்சினால் விசிறி சுழற்றிப் பறக்கும், எழுபது பேர் அளவுக்கு இருக்கை கொண்ட விமானம். அது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், தொலைவை வேகத்தால் வகுத்தால் 43 நிமிடமே வருகிறது. ஆனால் கால அட்டவணை ஒன்றே கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. அட்டவணை குறிப்பது பிளாக் நேரம் எனப்படுவது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் நிறுத்தப்படும் வரையிலான காலம் முழுவதும் இதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, குறைந்த வேகத்தில் ஏறுவது, இறங்குவது ஆகிய அனைத்தும் இதில் சேர்கின்றன. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை கிழக்கு–மேற்காகவும் பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகவும் அமைந்திருப்பதால், தெற்கு நோக்கிய பயணத்தின் இரு முனைகளிலும் விமானம் திரும்பியாக வேண்டும். இரு நாடுகளும் ஒரே நேர வலயத்தில் இருப்பதால், வெளிநாட்டுப் பயணம் என்றாலும் அட்டவணையின் இரு நேரங்களைக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும்.

தடம் புதியதன்று. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவையே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. உள்நாட்டுப் போரின்போது பல்லாண்டுகள் முடங்கிய பலாலி, 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. நேரடிச் சேவை இல்லாத காலத்தில் யாழ்ப்பாணம் செல்ல விரும்பிய சென்னைப் பயணி, சுமார் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, மறுபடியும் வடக்கே 400 கிலோமீட்டர் அளவு தரைவழியே திரும்ப வேண்டியிருந்தது. வரைபடத்தில் அண்டை ஊர், பயணத்தில் ஆயிரம் கிலோமீட்டர்!

2025 மார்ச் இறுதியில் இண்டிகோ நிறுவனம் திருச்சிராப்பள்ளி–யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. அவ்வழியின் தொலைவு சுமார் 184 கிலோமீட்டர், அதாவது சென்னைத் தொலைவில் ஏறத்தாழப் பாதி. ஆயினும் அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஏறக்குறைய ஒரு மணி.