கேள்வி கேட்காமல் நிறுவும் கணினி: பதில் கோப்பின் கதை

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது. அதை ஒரு கணினியில் நிறுவ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நேரம்கூடப் பெரிதல்ல, நடுநடுவே அது கேள்வி கேட்கும். உரிம எண் என்ன, மொழி எது, கடவுச்சொல் என்ன என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நிற்கும். கணினிக்கூடத்தில் இருபது கணினிகள் என்றால், ஓர் ஆசிரியர் அங்கேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதுதான்.

இதற்குத் தீர்வு எக்ஸ்பிக்கு முன்பே வந்துவிட்டது. கேள்விகள் எப்போதும் ஒன்றுதானே? பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் போகிறது. சன் நிறுவனம் சொலாரிசுக்கு 'ஜம்ப்ஸ்டார்ட்' என்றும், ரெட் ஹேட் லினக்சுக்குக் 'கிக்ஸ்டார்ட்' என்றும் இதைச் செய்தன. 1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4.0-இலும் இந்த வசதி இருந்தது. எக்ஸ்பி காலத்தில், பதில் கோப்பை ஒரு பிளாப்பியில் போட்டு, நிறுவல் குறுந்தட்டோடு சேர்த்துச் செருகினால் போதும். ஆள் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

நமக்கு முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. விண்டோசில் தமிழ் யூனிகோடும் 'லதா' எழுத்துருவும் விண்டோஸ் 2000-இல் வந்தன. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பதில் கோப்பின் வட்டார அமைப்புப் பகுதியில் இந்திய மொழிக் குழுவுக்கு 15 என்ற எண்ணைக் குறிக்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால், இருபது கணினியிலும் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நிறுவும்போது கணினி எதையும் கேட்காததால், பாடம் தொடங்கும்வரை யாருக்கும் தெரியவும் தெரியாது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருளையும் அதே கோப்பில் சேர்க்கலாம். அதுவும் எழுதினால்தான் வரும்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. பேராவில் நம் பள்ளிகள் பலவும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கட்டடமும் ஆசிரியரும் எப்படி இருக்க வேண்டும் என்று அது அழுத்திச் சொல்லவில்லை. பல தோட்டங்களில் கொட்டகையே பள்ளி. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எழுதியது கிடைத்தது, எழுதாதது துரையின் இஷ்டமாகப் போனது.

2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், பதில் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறியது. இப்போது அதை யுஎஸ்பியில் வைத்தால் போதும். தமிழ் எழுத்துருவும் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் தமிழ்99 விசைப்பலகை இன்றும் தானாக வருவதில்லை.

ஆகவே ஆசிரியர்களே, பள்ளிக் கணினிகளை மறுபடி நிறுவ யாராவது வந்தால், பதில் கோப்பை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று விஷயம் போதும்: தமிழ் விசைப்பலகை அதில் இருக்கிறதா, கடவுச்சொல் யாரும் படிக்கும்படி கிடக்கிறதா, பழைய வட்டைக் கேட்காமலே அழிக்கச் சொல்கிறதா. பிள்ளைகளின் படைப்புகள் அந்த வட்டில் இருந்தால், தொடங்கும் முன்பே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள்.