திரும்பிப் போக ஓர் இடம்

போன ஞாயிறு கடை பூட்டி, பஸ் பிடித்து வீட்டுக்கு வர இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. அக்காவின் மகள் குசினி மேசையில் மடிக்கணினியோடு முழித்திருந்தாள். இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு 'போஸ்ட்டொக் பெலோஷிப்' தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை. இது நாலாவதோ ஐந்தாவதோ விண்ணப்பம்.

"மாமா, இதுக்கு என்னத்தை எழுதிறது? பெலோஷிப் முடிஞ்ச பிறகு எந்த வேலைக்குத் திரும்பிப் போவீங்கள் எண்டு கேட்டிருக்கிறாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை என்னிடமும் கேட்டவர்கள். 2007இல், யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் மூன்றாம் வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பாதை பூட்டிக் கிடந்ததால் கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய் ஒரு தூதரகத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவேன் என்று நம்ப முடியவில்லை என எழுதி மறுத்துவிட்டார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். எனக்குத் திரும்பும் எண்ணம் இருக்கவில்லை.

பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஒட்டோ பிறிஷ் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்த 'வெளியே போய் ஆராய்ச்சி செய்யக் காசு கொடுக்கிற' வழக்கம் பழையது. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் மிஞ்சிய இலாபத்திலிருந்து 1891இல் விஞ்ஞானப் புலமைப்பரிசில் ஒன்றைத் தொடங்கினார்கள். 1895இல் நியூசிலாந்திலிருந்து அதற்குத் தெரிவானவர் முதலில் ரதர்ஃபோர்ட் இல்லை, மக்லோரின் என்ற இன்னொருவர். அவர் வேண்டாம் என்று விட, இரண்டாவதாக நின்ற ரதர்ஃபோர்டுக்குக் கிடைத்தது. வருடத்துக்கு 150 பவுண். செய்தி வந்தபோது அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார் என்றும், இதுதான் நான் கிண்டுகிற கடைசிக் கிழங்கு என்று மண்வெட்டியை எறிந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கப்பல் காசு கடன். (ஏஜென்சிக்குக் கடன்பட்டு வந்த எங்களுக்கு இது புதுக்கதை இல்லை.) அந்த மனிதர் அதற்குப் பிறகு குடியிருக்க நியூசிலாந்து திரும்பவேயில்லை. மொன்றியல், மன்செஸ்டர், கேம்பிரிட்ஜ் என்று போய்விட்டார்.

அதே புலமைப்பரிசிலில் 1913இல் ஜேம்ஸ் சட்விக் பெர்லினுக்குப் போனார். போன அடுத்த வருடமே முதலாம் உலகப் போர். பிரித்தானியர் என்று பிடித்து, றூலேபன் குதிரைப் பந்தயத் திடலில், குதிரை லாயத்துக்குள் நான்கு வருடம் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே விற்ற தோரியம் கலந்த பற்பசையை வாங்கி அதை வைத்தே கதிரியக்கப் பரிசோதனை செய்தாராம். 1932இல் நியூத்திரனைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

சரி, பிறிஷுக்கு வருவோம்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஓரிரண்டு வருடம் ஆய்வு செய்யக் கொடுக்கிற இன்றைய பெலோஷிப் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவின் றொக்கஃபெல்லர் பணத்தில்தான். 1919இல் அமெரிக்க இளைஞர்களுக்கென்று பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஐந்து இலட்சம் டொலர் ஒதுக்கினார்கள். 1923இல் சர்வதேசக் கல்விச் சபை என்று ஒன்றை அமைத்து ஐரோப்பாவுக்கும் விரித்தார்கள். 1924இல் ஹைசன்பேர்க் கொப்பன்ஹேகனுக்கும், ஃபேர்மி லைடனுக்கும் போனது இந்தக் காசில். இரண்டு பேருக்கும் அப்போது வயது இருபத்துநான்கு கூட ஆகவில்லை.

விண்ணப்பிக்க என்ன வேண்டும்? சொந்த ஊர்ப் பேராசிரியரின் சிபாரிசு, போகிற இடத்துப் பேராசிரியரின் சம்மதம், என்ன செய்யப் போகிறேன் என்ற திட்டம். இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். கூட ஒரு நிபந்தனை: முடிந்ததும் திரும்பிப் போக சொந்த ஊரில் வேலை இருக்க வேண்டும்.

இதை நான் கெட்ட நிபந்தனை என்று சொல்லமாட்டேன். காசைக் கொடுத்து ஒரு நாட்டின் நல்ல மூளைகளை உருவிக்கொண்டு போகக்கூடாது, படித்தவன் திரும்பிப் போய்த் தன் ஊர் ஆய்வுகூடத்தை வளர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாடு போன விரிவுரையாளர்கள் திரும்பாமல் கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததை நான் பார்த்தவன். ஊர் என்று ஒன்று இருக்கும், அது உன்னை வேண்டாம் என்று சொல்லாது என்கிற நம்பிக்கையில் எழுதிய சட்டம் அது.

பிறிஷ் 1904இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1930இலிருந்து ஹம்பேர்க்கில் ஒட்டோ ஸ்ரேர்னின் ஆய்வுகூடத்தில் வேலை. ரோமில் ஃபேர்மியிடம் போக அவருக்கு றொக்கஃபெல்லர் பெலோஷிப் கிடைத்திருந்தது. 1933 ஏப்ரல் 7 அன்று ஹிட்லரின் அரசாங்கம் யூதர்களை அரச சேவையிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகமும் அரச சேவைதான். பிறிஷின் வேலை போயிற்று. வேலை போனதால் திரும்பிப் போக இடமில்லை. திரும்பிப் போக இடமில்லாததால் பெலோஷிப்பும் இல்லை!

அவர் முதுமையில் எழுதி 1979இல் வந்த நினைவுக்குறிப்பில் இதைப் படித்தேன். சரிட்டி கடை ஒன்றில் வாங்கிய புத்தகம், மத்தியான ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் இடையில் வெங்காய மூட்டைக்கு மேலே இருந்து வாசித்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். யாரும் அவருக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. ஒரு படிவத்தில் ஒரு பெட்டியை நிரப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

(றொக்கஃபெல்லர்காரரைப் பற்றி இதையும் சொல்லவேண்டும். அதே 1933இல் வேலையிழந்த அறிஞர்களுக்கென்று அவர்கள் தனியாக ஒரு நிதி ஒதுக்கினார்கள்.)

தன் வேலையும் போகப்போகிறது என்று தெரிந்த ஸ்ரேர்ன், தன்னோடு வேலை செய்தவர்களுக்காக இடம் இடமாகக் கேட்டுத் திரிந்தார். லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் பிளக்கற் பிறிஷை எடுத்துக்கொண்டார். சம்பளத்தைக் கொடுத்தது 1933 மே மாதம் பெவரிட்ஜ் முயற்சியால் தொடங்கிய கல்வியாளர் உதவிச் சபை. அதன் தலைவர் யார் தெரியுமா? உருளைக்கிழங்கு கிண்டிய அதே ரதர்ஃபோர்ட். திரும்பிப் போகாதவர், திரும்பிப் போக முடியாதவர்களுக்காகக் காசு சேர்த்தார். அந்த ஒக்ரோபரில் அல்பேர்ட் ஹோலில் நடந்த நிதிக் கூட்டத்தில் ஐன்ஸ்ரைன் பேசினார்.

அந்தச் சபைக்கு முதலில் கிடைத்த இடம் பிக்காடிலியில் பேர்லிங்ரன் ஹவுஸில் இரண்டு அறைகள். நான் வேலை செய்யும் கடைக்கு அதைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். இப்போது அங்கே ஓவியக் கண்காட்சிக்குச் சனம் வரிசையில் நிற்கும். பேர்க்பெக் கல்லூரியும் தூரமில்லை. பகலில் வேலை செய்கிறவர்கள் பின்னேரத்தில் படிப்பதற்கென்று பேர்போன இடம். விட்ட படிப்பைத் தொடரலாம் என்று ஒருமுறை விசாரித்துப் பார்த்தேன். உணவகத்தில் வேலை செய்பவனுக்குப் பின்னேரம் ஏது?

பிறிஷின் உதவிப்பணம் ஒரு வருடத்துக்கு. 1934இல் கொப்பன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் போய் ஐந்து வருடம் இருந்தார். 1938 கிறிஸ்மஸுக்கு சுவீடனில் லீஸ மைற்னரைப் பார்க்கப் போனார். மைற்னர் அவருடைய தாயின் தங்கை, எங்கள் முறையில் சின்னம்மா. அவரும் அந்த யூலையில், செல்லுபடியாகாத ஒஸ்ரியக் கடவுச்சீட்டோடு, பெர்லினிலிருந்து ஹொலண்ட் எல்லையைக் கடந்து தப்பியவர். பெர்லினில் அவரோடு வேலை செய்த ஹான் எழுதிய கடிதம் ஒன்று வந்திருந்தது: யுரேனியத்தை நியூத்திரனால் அடித்தால் பேரியம் வருகிறது, ஏன்? சின்னம்மாவும் பெறாமகனும் பனிக்குள் நடந்துபோய், ஒரு மரக்குற்றியில் இருந்து, துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டார்கள். யுரேனியக் கரு இரண்டாகப் பிளக்கிறது! இருவரும் சேர்ந்து எழுதியது 1939 பெப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. கருப்பிளவு என்ற பெயரை வைத்ததும் அவர்கள்தான்.

அந்தக் கோடையில் பேர்மிங்ஹாம் வந்த பிறிஷ், போர் தொடங்க அங்கேயே தங்கிவிட்டார். எதிரி நாட்டவர் என்பதால் இரகசியமான ராடர் வேலையில் அவரைச் சேர்க்கவில்லை. கையில் நேரம் இருந்தது. இன்னொரு அகதியான பையர்ல்ஸோடு சேர்ந்து 1940 மார்ச்சில் அணுகுண்டு செய்ய முடியும் என்று கணக்குப் போட்டு ஒரு குறிப்பு எழுதினார். பிறகு 1943இல் லொஸ் அலமோஸ் போக வேண்டி வந்தபோது, சில நாட்களுக்குள் அவரைப் பிரித்தானியப் பிரசையாக்கினார்கள். எனக்கு வதிவிட அனுமதி மட்டும் ஏழு வருடம் எடுத்தது.

இதைப் பெருமையாக எழுதவில்லை. அந்தக் கணக்கு ஹிரோஷிமாவில் போய் முடிந்தது. ஷெல்லுக்கும் குண்டுக்கும் பயந்து பங்கருக்குள் வளர்ந்தவன் அதைக் கைதட்டி எழுத முடியாது. நான் யோசிப்பது, பெலோஷிப் ரத்தாகாமல் பிறிஷ் 1933இல் ரோமுக்கே போயிருந்தால்? யுரேனியத்தை நியூத்திரனால் முதலில் அடித்துப் பார்த்த ஃபேர்மியின் கூட்டத்தில் 1934இல் அவரும் நின்றிருப்பார். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போதைய படிவங்களில் சில இடங்களில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி பெலோஷிப்பில், கடைசி 36 மாதத்தில் போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது என்று ஒரு விதி. ஆனால் அகதி அந்தஸ்துக்காகக் காத்திருந்த காலத்தை அதில் கணக்கெடுக்கமாட்டார்கள். ஜேர்மனியில் ஹும்போல்ட் நிறுவனம் 2015-16இல் ஆபத்திலுள்ள ஆய்வாளர்களுக்கென்று தொடங்கிய திட்டத்துக்கு, 1933இல் பிராங்பேர்ட்டிலிருந்து சூரிச்சுக்குத் தப்பி வந்து மற்றவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்த பிலிப் சுவார்ட்ஸின் பெயர். 1933இன் அந்த லண்டன் சபையும் பெயர் மாறி இன்னும் வேலை செய்கிறது.

பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி மாமா. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள நூறு சொல்லுதான் கொள்ளும்."

யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர் வேலைக்குத் திரும்புவேன் என்று எழுதினாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அங்க எனக்கு வேலை தருவாங்களோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அழித்தாள்.

காலையில் மரக்கறி லொறி வரமுதல் கடைக்குப் போகவேண்டும் என்று எழும்பினேன். மடிக்கணினி மேசையில் திறந்தபடி இருந்தது. அந்தப் பெட்டி இன்னும் வெறுமை. கடைசித் திகதி வருகிற வெள்ளிக்கிழமை.