கூட்டத்தின் பங்கு

வங்கியின் விளம்பரத் தாளிலும் மருத்துவமனையின் நாட்காட்டியிலும் புன்னகைக்கும் முகங்களைப் படமெடுத்தவர் எவர் என்று நாம் கேட்பதில்லை. தமிழ் நாவலொன்றின் அட்டையில் மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடக்கும் சாலையைக் கண்டு, கதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வேண்டுமானால் வியந்திருப்போம். இத்தகைய படங்களுக்கு 'ஸ்டாக் போட்டோ' என்று பெயர். முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைத்து, கேட்பவர்க்கெல்லாம் பயன்பாட்டு உரிமையை மட்டும் விற்கும் வணிகம் இது. ஒரே படம் ஆயிரம் முறை விற்கலாம். ஆதலால் படமெடுத்தவருக்குக் கூலி கிடையாது. விற்பனையில் பங்குதான் உண்டு. எழுத்தாளனுக்கு ராயல்டி போல.

அந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்பட்டது, அக்கணக்கு எப்போது, எப்படி மாற்றப்பட்டது என்பதே நாம் இங்கே பேச விரும்புவது. சதவீதங்களின் வரலாறு இலக்கிய வாசகருக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆயினும் ராயல்டிக் கணக்குத் தாளுக்காகக் காத்திருந்த எவருக்கும் இது அந்நியமான கதையன்று.

1990களில் இவ்வணிகம் சில பெரிய முகவர் நிறுவனங்களின் கையில் இருந்தது. 1995இல் மார்க் கெட்டியும் ஜோனதன் கிளைனும் தொடங்கிய கெட்டி இமேஜஸ், பழைய படத் தொகுப்பகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பெருகியது. படமொன்றின் விலை நூற்றுக்கணக்கான டாலர். தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டுமே அங்கு இடம். இந்த நிலையில் 2000ஆம் ஆண்டில், கனடாவின் கால்கரி நகரில், புரூஸ் லிவிங்ஸ்டோன் என்னும் வடிவமைப்பாளர் தம்மிடமிருந்த படங்களை இணையத்தில் இலவசமாக வைத்தார். எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் படங்களையும் கொண்டுவந்து சேர்த்தனர். உன் படத்தை மற்றவர் எடுத்தால் நீ வேறொருவர் படத்தை எடுக்கலாம் என்பதே முதல் விதி. பண்டமாற்று என்று சொல்லிவிடலாம். ஐஸ்டாக்போட்டோ பிறந்தது இவ்வாறுதான்.

கூட்டம் பெருகவே இணையப் போக்குவரத்துக்கான செலவும் பெருகிற்று. அதை ஈடுகட்டப் படத்துக்கு 25 சென்ட் என்னும் அளவில் கட்டணம் வந்தது. அதில் படமெடுத்தவருக்கு 20 சதவீதம், அதாவது 5 சென்ட். ஐந்தில் நான்கு பங்கை நிறுவனம் வைத்துக்கொள்ளும் இவ்வேற்பாட்டை அன்று எவரும் சுரண்டல் என்று கருதியதாகத் தெரியவில்லை. நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில் இன்று ஐந்து சென்ட் வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காக வந்தவர்களும் அல்லர். வடிவமைப்பாளர்கள், மாணவர்கள், விடுமுறையில் கேமரா தூக்குபவர்கள். வந்து குவியும் படங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களும் உறுப்பினர்களுள் சிலரே. 'ஐஸ்டாகலிப்ஸ்' என்று விளையாட்டாய்ப் பெயரிட்டு, ஏதேனும் ஒரு நகரில் ஒன்றுகூடிப் படமெடுத்துத் திரும்பினர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் சொல்வது இதைத்தான். தேர் யாருடையது என்ற கேள்வி இழுக்கும்போது எழுவதில்லை. நிலைக்கு வந்த பிறகே எழுகிறது.

கூட்டத்தை ஊக்குவிக்க நிறுவனம் ஒரு படிநிலையையும் வகுத்தது. படச்சுருள் டப்பியின் வடிவில் ஒரு சின்னம். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என நிறம் மாறும். படங்களை இத்தளத்துக்கு மட்டுமே தருவதாக ஒப்பந்தம் செய்தவரின் பங்கு, படி ஏறுந்தோறும் 25 சதவீதத்திலிருந்து 40 வரை உயரும். ஒப்பந்தம் செய்யாதவருக்கு எப்போதும் 20. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். படியைத் தீர்மானித்தது, ஒருவரது படங்கள் தொடக்கம் முதல் இன்றுவரை எத்தனை முறை விற்றன என்னும் மொத்த எண்ணிக்கை. ஏறிய படி இறங்காது. 2003இல் எடுத்த படத்தின் விற்பனையும் 2009இன் பங்கில் கூடவே நின்றது. பேரேட்டுக்கு நினைவு இருந்தது.

2006 பிப்ரவரியில் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்போட்டோவை வாங்கியது. அதே ஆண்டு ஜூன் மாத 'வயர்ட்' இதழில் ஜெஃப் ஹவ் எழுதிய கட்டுரையில்தான் 'கிரவுட்சோர்சிங்' என்ற சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. வேலையை வெளியாரிடம் தள்ளும் 'அவுட்சோர்சிங்' என்ற சொல்லில் கூட்டத்தைப் புகுத்திய சிலேடை அது. அக்கட்டுரையின் முதல் எடுத்துக்காட்டே ஐஸ்டாக்போட்டோ. அருங்காட்சியகத் திட்டமொன்றுக்குப் படம் தேடிய ஒருவர், தொழில்முறைக் கலைஞர் தள்ளுபடி போட்டும் படமொன்றுக்கு 150 டாலர் கேட்க, அவரை விட்டுவிட்டு ஐஸ்டாக்போட்டோவில் ஏறக்குறைய ஒரு டாலர் வீதம் 56 படங்களை வாங்கிக்கொண்டார். விலை வீழ்ச்சியின் கொடுமையைப் பேச வேண்டுமானால் இங்கிருந்தே தொடங்கலாம். ஆயின் நாம் கவனிப்பது அடுத்த கட்டத்தை. தொழில்முறைக் கலைஞரை வீழ்த்திய அந்தக் கூட்டம், நான்கே ஆண்டுகளில் தானும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

2008இல் ஹெல்மன் அண்ட் ஃபிரைட்மன் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனம், கடன்களையும் சேர்த்து ஏறக்குறைய 240 கோடி டாலர் மதிப்பில் கெட்டியை வாங்கியது. 2009இல் லிவிங்ஸ்டோன் விலகினார். 2010 செப்டம்பரில் அந்த அறிவிப்பு வந்தது. 2011 முதல் ஒப்பந்தமில்லாதவரின் பங்கு 15 முதல் 20 வரை. ஒப்பந்தக்காரருக்கு 25 முதல் 45 வரை. எந்த இடத்தில் நிற்போம் என்பதை இனி முடிவு செய்வது, ஓர் ஆண்டுக்குள் ஒருவரது படங்களுக்காக வாங்குவோர் செலவழித்த 'கிரெடிட்'களின் தொகை. டப்பியின் நிறம் அலங்காரமாய் நிற்கும். பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

20இலிருந்து 15 என்றால் ஐந்துதானே குறைகிறது என்று கண் ஏமாறும். வாங்குபவர் தரும் டாலரில் ஐந்து சென்ட்தான். ஆனால் கலைஞரின் கையில் விழும் தொகையில் அது கால் பங்கு. சம்பளத்தில் நான்கில் ஒன்றைக் குறைத்துவிட்டு 'ஐந்து சதவீத மாற்றம்' என்று சொல்ல முடிவது இந்தக் கணக்கின் சிறப்பு.

நிறுவனம் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. வணிகம் வளர வளர உறுப்பினர்கள் படியேறுகிறார்கள். படியேறுந்தோறும் கலைஞர்களுக்குச் செல்லும் மொத்தச் சதவீதம் கூடுகிறது. எனவே இவ்வணிகம் வளர்வதே அதன் இலாப விகிதத்தைக் குறைக்கிறது, இது நிலைக்காது என்றது. ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு இழப்பில்லை என்றும் உறுதி கூறியது. பொய்க்காரணம் என்று நாம் இதைத் தள்ளவில்லை. படி மட்டும் ஏறி, மேலே உச்சவரம்பை நெருங்கும் ஒரு பங்குமுறையில் கணக்கு அப்படித்தான் நகரும். ஆனால் உறுப்பினர் படியேறுவார் என்பது எதிர்பாராத விபத்தன்று. அதுவே அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் பலர் வேறு தளங்களிலிருந்து தம் படங்களை எடுத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வாக்கு பலிக்கத் தொடங்கியதையே நோயாக அறிவித்தது நிறுவனம்.

நமக்கு இவ்விடத்தில் வங்காளத்து நிலவரலாறு நினைவுக்கு வருகிறது. 1859ஆம் ஆண்டின் பத்தாவது சட்டம், ஒரே நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் உழுத குடியானவருக்கு அந்நிலத்தில் நிலைத்த உரிமை உண்டு என்றது. ஜமீன்தார்கள் சட்டத்தை மீறவில்லை. பன்னிரண்டு நிறையுமுன் குடியானவரை இந்த வயலிலிருந்து அந்த வயலுக்கு மாற்றினர். உழைப்பு தொடர்ந்தது, ஆண்டுக்கணக்கு மட்டும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1885ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைச் சட்டம், 'அதே வயல்' என்பதை 'அதே ஊரில் ஏதேனும் நிலம்' என்று மாற்றித்தான் அந்த ஓட்டையை அடைத்தது. நிலத்தையும் ஒளிப்படத்தையும் ஒப்பிடுவது மிகை எனில் மிகையே. ஒளிப்படக்காரருக்குப் பட்டினி இல்லை. படத்தின் பதிப்புரிமையும் அவரிடமே இருந்தது. ஆயினும் உரிமை திரளாதிருக்கக் கணக்கைத் திருப்பித் தொடங்கும் உத்தி இரண்டுக்கும் பொது.

பத்தாண்டு கழித்து, போட்டி நிறுவனமான ஷட்டர்ஸ்டாக்கும் இதே வழியில் சென்றது. ஜான் ஓரிங்கர் 2003இல் தாம் எடுத்த படங்களைக் கொண்டே தொடங்கிய நிறுவனம் அது. அங்கும் கலைஞரின் வாழ்நாள் வருமானமே படியைத் தீர்மானித்தது: சந்தா வழிப் பதிவிறக்கம் ஒன்றுக்குப் புதியவருக்கு 25 சென்ட், மொத்தம் 10,000 டாலர் ஈட்டியவருக்கு 38 சென்ட். 2020 மே மாத இறுதியில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், அறிவிப்பு வந்தது. ஜூன் 1 முதல் நடைமுறை. ஆறு படிகள், 15 சதவீதம் முதல் 40 வரை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் அனைவரும் முதற்படிக்கு இறங்குவர். ஓராண்டில் 100 பதிவிறக்கம் வரை முதற்படி. 25,000ஐத் தாண்டினால் ஆறாம் படி. குறைந்தபட்சம் 10 சென்ட். பெரிய சந்தாக்களில் படமொன்றின் விலையே சில பத்துச் சென்ட்களாக இருந்தமையால், பலருக்கும் அந்தப் பத்துதான் வாய்த்தது. 38 சென்ட் வாங்கியவர் 10 சென்ட்டைப் பார்த்தபோது, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று நம்மூரில் சொல்வார்கள். பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து மறைத்துவைத்து எதிர்ப்புக் காட்டினர். ஆண்டுதோறும் எல்லோர்க்கும் சமவாய்ப்பு என்பது நிறுவனத்தின் விளக்கம். புதியவர் பக்கம் நின்று பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஓராண்டில் 25,000 பதிவிறக்கம் பெறப் புதியவருக்கு எத்தனை ஆயிரம் படங்கள் வேண்டும் என்று யோசித்தால் அந்த நியாயம் மங்கிவிடுகிறது.

நாம் ஐஸ்டாக்கை 2011இல் விட்டுவந்தோம். அங்கே இன்னொரு காட்சி 2013 ஜனவரியில் அரங்கேறியது. கெட்டி செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆயிரக்கணக்கான படங்கள் கூகுள் டிரைவைப் பயன்படுத்துவோர்க்கு இலவசமாகக் கிடைத்தன. படமொன்றுக்குக் கலைஞர் பெற்றது ஒருமுறைத் தொகை, பலருக்கு 12 டாலர். பங்கு என்பது இங்கே முற்றாக மறைந்து, எழுத்தாளர் தம் நூலை அறுதியாக எழுதிக்கொடுக்கும் பழைய முறை திரும்பி வந்தது. ஒரு வேறுபாடு: அறுதியாக எழுதிக்கொடுக்கும் எழுத்தாளர் தாமே கையெழுத்திடுவார், இங்கே பலர் நடந்து முடிந்தபின்தான் அறிந்தனர். பிப்ரவரி 2 அன்று, உறுப்பினர்கள் ஒரே நாளில் தம் படங்களைத் தாமே தளத்திலிருந்து நீக்கினர். நீக்க முடிந்தது படங்களை. பத்தாண்டுப் பழக்கத்தை அன்று.

அவ்வாண்டு மார்ச்சில் லிவிங்ஸ்டோன் மீண்டும் தோன்றுகிறார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில், பிரியானா வெட்லாஃபரோடும் பழைய தோழர்களோடும் அவர் தொடங்கிய ஸ்டாக்ஸி, ஒரு கூட்டுறவுச் சங்கம். படமெடுப்பவரே பங்குதாரர். சாதாரண உரிமத்தில் 50 சதவீதம், விரிந்த உரிமத்தில் 75 சதவீதம் கலைஞருக்கு. ஆண்டிறுதியில் உபரி இருந்தால் ஈவுத்தொகையும் உண்டு. சதவீதத்தை மாற்ற வேண்டுமெனில் வாக்களிப்பவர்களுள் அதைப் பெறுபவரும் இருப்பர். நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதைப் போற்றி எழுதுவோர் ஒரு செய்தியை விரைந்து கடந்துவிடுகிறார்கள்: ஸ்டாக்ஸியில் நினைத்தவர் நினைத்தபோது சேர முடியாது. உறுப்பினர் தொகைக்கு வரம்பு உண்டு. விண்ணப்பித்தோரில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே இடம். பாதிப் பங்கைத் தர அவர்களால் இயன்றதற்கு, கதவைச் சாத்திக்கொண்டதும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம். 2000இல் கால்கரியில் எவரும் படத்தோடு நுழையலாம் என்று திறந்த அதே மனிதர், நியாயமான பங்கைத் தேடியபோது கூட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. இதை அவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. வேறு வழி இருந்ததா என்று நமக்கே விளங்கவில்லை.

இப்போது கணக்கு இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. சொற்களைக் கொண்டு படம் வரையும் மென்பொருள்களைப் பழக்க, ஷட்டர்ஸ்டாக் தன் களஞ்சியத்தை 2021 முதல் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு உரிமம் அளித்துவந்தது. 2022 அக்டோபரில், அவ்வாறு பயன்பட்ட படங்களை எடுத்தவர்களுக்கென ஒரு நிதியத்தை அறிவித்தது. 2000 முதல் நடந்த சண்டைகள் அனைத்திலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அலகு ஒன்று இருந்தது: படம் ஒருமுறை விற்றது என்னும் நிகழ்ச்சி. வாழ்நாள் கணக்கோ ஆண்டுக் கணக்கோ, எண்ணப்பட்டது அதுவே. கோடிக்கணக்கான படங்கள் கலந்து கரைந்த குவியலில் எந்தப் படமும் விற்பதில்லை. எனவே குவியலில் ஒருவர் சேர்த்த அளவைக் கொண்டு நிதியம் பங்கிடுகிறது. அந்தப் பங்கு மொத்தத்தில் எத்தனைச் சதவீதம் என்று கேட்க, கேட்பவர் கையில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

2025 ஜனவரியில் கெட்டி இமேஜஸும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தன. இரண்டுக்கும் படம் கொடுத்துவந்தவர்கள் ஏராளம். ஒன்றில் பங்கு குறைந்தபோது மற்றொன்றுக்குப் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.