கோப்பையும் கூலியும்



2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை இரவு. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இறுதிப்போட்டி. ஒருபுறம் முந்தைய ஆண்டின் சாம்பியனான திண்டுக்கல் டிராகன்ஸ், அதுவும் தன் சொந்த மைதானத்தில். மறுபுறம் அதுவரை கோப்பையைத் தொட்டிராத திருப்பூர் தமிழன்ஸ். துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65 ஓட்டங்கள் குவிக்க, திருப்பூர் 5 விக்கெட் இழப்பிற்கு 220 எடுத்தது. திண்டுக்கல் 102 ஓட்டங்களில் சுருண்டது. பனியன் நகரத்தின் பெயர் தாங்கிய அணி முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது.

அந்த மகிழ்ச்சியினூடே ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது. அதுவும் நம்மைப் போன்ற நூலூர்களின் வரலாறே.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் கம்பளிக்கும், லங்காஷயர் பருத்திக்கும் பேர்போனவை. 1850-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டத்திற்குப்பின் அவ்வூர்களில் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வாயிற்று. அந்த அரைநாளில் ஆலைத் தொழிலாளர் ரக்பி ஆடினர். வெளியூர் ஆட்டமென்றால் காலையிலேயே புறப்பட வேண்டும். அப்போது அரைநாள் கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டுமாவது ஈடுசெய்யலாமா என்று வடபகுதிச் சங்கங்கள் கேட்டன. 1893-இல் லண்டனில் கூடிய ரக்பி சங்கம் அதனை 282-க்கு 136 என்ற வாக்குகளில் தள்ளிவிட்டது. காசு வாங்காமல் ஆடுவதே தூய ஆட்டம் என்பது அவர்கள் வாதம்.

வாதம் அழகானதுதான். ஆனால் அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் ஆட்டத்திற்காக அடுப்பை அணைக்க வேண்டியிராதவர்கள்.

1895 ஆகஸ்ட் 29 அன்று கம்பளி நகரான ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் சங்கங்கள் கூடித் தனி அமைப்பை நிறுவின. இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று வகுத்தன. இன்றைய ரக்பி லீக் பிறந்த கதை இதுவே. அதன் முதல் சாம்பியன் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேனிங்ஹாம் அணி. அதே மேனிங்ஹாமின் பட்டாலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து 1890-91 குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தனர்.

1907-இல் முதன்முறையாகச் சாம்பியன் பட்டம் இறுதிப்போட்டியால் தீர்மானிக்கப்பட்டது. கம்பளி நாட்டின் ஹாலிஃபாக்ஸும் பருத்தி நூற்பின் தலைநகரான ஓல்டாமும் எதிரெதிரே நின்றன. களம் அதே ஹடர்ஸ்ஃபீல்ட். ஹாலிஃபாக்ஸ் 18-3 என வென்றது. களத்தில் பகைவர்; ஆனால் இருதரப்புக்கும் வாரநாட்களில் ஒரே சங்கொலி, ஒரே பஞ்சுத்தூசி.

மற்றொரு செய்தியும் உண்டு. கூலி ஈட்டை மறுத்த அந்த ரக்பி ஒன்றியம், சரியாக நூறாண்டு கழித்து 1995 ஆகஸ்டில், தன் வீரர்களுக்கு வெளிப்படையாக ஊதியம் தர இசைந்தது. தூய்மை என்று காக்கப்பட்டது உண்மையில் வசதியே என்பதை ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

நம் ஊருக்கு வருவோம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் கண்ட ஊர் இது. இன்றும் பலருக்குச் சனிக்கிழமைதான் சம்பளநாள். பீஸ்ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் விடுப்பென்றால் ஒரு நாள் வருமானம் இல்லை. சரக்கு அனுப்பும் அவசரம் வந்துவிட்டால் ஒன்றரை ஷிப்ட், ஞாயிறும் போய்விடும். கோப்பை வென்ற அந்த ஞாயிறு இரவில், காலை எட்டரை மணி ஷிப்டை எண்ணிப் பாதி ஆட்டத்தில் படுத்தவர்களும் இங்கே இருந்திருப்பார்கள்.

இவர்களிடம்தான் நாம், “ஊழியத்திற்கு ஒருநாள் ஒதுக்கக்கூடாதா? ஆர்வம் இல்லையே” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாரநாளில் கூட்டம் வைக்கிறோம். வராதவரைப் பெயர் சொல்லாமல் குறை சொல்கிறோம். பவர்டேபிளின் முன் அமர்ந்திருக்கும் சகோதரிக்கு அந்த ஒருநாள் என்ன விலை என்று கேட்டிருக்கிறோமா? 1893-இன் அந்த மண்டபத்தில் நாம் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்போம்?

காணிக்கையைக் கேட்பதற்குமுன் அதைத் தருகிறவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று அறிந்துகொள்வது அன்பின் முதற்படி. இந்த வாரம் உங்கள் அருகில் இருக்கும் ஒரு தொழிலாளியிடம், எந்த நேரம் அவருக்கு வசதிப்படும் என்று கேளுங்கள். பின்பு கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள்.