கொடுவாளுக்கும் கம்பிக்கும் ஒரே தோய்ச்சல்

போன வருசம் மழைக்கு முன்னாடி, குண்டனி நாட்டில் எங்க பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே ரெண்டு ரூம் கான்கிரீட்டில் கட்ட ஆரம்பிச்சோம். கம்பி, சிமெண்ட், ஜல்லி எல்லாமே எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். அதனால ஒரு கம்பி வீணானாலும் வயிறு எரியும்.

தூணுக்கு வாங்கின 16 மில்லி கம்பி கையில் வளையவே மாட்டேன்னுச்சு. கம்பி கட்ட வந்த தம்பி கரியைக் குவிச்சு, காத்து ஊதி, முனையைச் செக்கச் செவேல்னு காய வச்சுட்டார். அப்புறம் அது வெண்ணெய் மாதிரி வளைஞ்சுது. நானும் நல்ல யோசனைதான்னு பார்த்துக்கிட்டு நின்னேன்.

அந்த நேரம் பார்த்து, தட்டிக் குடுக்கச் சொல்லியிருந்த கொடுவாளை எடுத்துக்கிட்டு எங்க ஊர்ப் பக்கத்துக் கொல்லர் பெரியவர் வந்தார். நெருப்பைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு.

"தம்பி, இந்தக் கம்பிக்கு ஏற்கெனவே தோய்ச்சல் வச்சு அனுப்பியிருக்கான். நீங்க அதை எறக்கிக்கிட்டு இருக்கீங்க."

"கம்பிக்கு ஏதுங்கய்யா தோய்ச்சல்?"

"வெட்டின முனையில அரம் போட்டுப் பாரு. தோலு முரண்டு பிடிக்கும், நடுவுல மெத்துனு போகும். நான் இதுல உளி அடிக்கலாம்னு பார்த்தவன்தானே."

அவர் சொன்னது எனக்கு அன்னைக்கு முழுசாப் புரியலை. ஆனா அவர் கொடுவாள் செய்யறதைச் சின்ன வயசுலருந்து பார்த்திருக்கேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடிச்சு உருவம் கொண்டு வருவார். கடைசியாத்தான் தோய்ச்சல். வாய்ப் பக்கம் செவந்ததும் அந்த விளிம்பை மட்டும் தண்ணியில தொட்டு எடுப்பார். அப்போ வாய் கண்ணாடி மாதிரி கெட்டியாகிடும். அப்படியே விட்டா ஒரு முடிச்சுல பட்டதும் தெறிச்சுடும். அதனால உடனே ஒரு கல்லால் தேய்ச்சுப் பளபளப்பாக்கிட்டு, கண் எடுக்காம பார்ப்பார். முதுகுல மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில நீலம். எந்த வேலைக்கு எந்த நிறம்னு கணக்கு உண்டு. அந்த நிறம் வந்ததும் முழுசா முக்கிடுவார். மஞ்சள்ல நிறுத்தினா கூர்மை நிக்கும், அடி தாங்காது. நீலம் வரை விட்டா அடி தாங்கும், கூர்மை கொஞ்சம் குறையும். ரெண்டும் சேர்ந்து முழுசாக் கிடைக்காது.

இந்தக் கணக்கு நம்ம பக்கத்துக்கு ரொம்பப் பழசு. புவியியல் ஆய்வாளர்கள் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864-ல் வெளியிட்ட அறிக்கையில், கஞ்சமலை, தீர்த்தமலையோட கொல்லிமலைப் பக்கத்து இரும்புத் தாதும் பதிவாகியிருக்கு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணல் அகழாய்வில், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய இரும்பு வேலையின் தடயங்கள் கிடைச்சிருக்கு. மண் மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் அடைச்சு உருக்கிச் செய்த எஃகு, தென்னிந்தியாவிலிருந்து உலகமெல்லாம் போச்சு. வெள்ளைக்காரர் அதை 'ஊட்ஸ்' என்றார்கள்.

1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1819-ல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்தார். அவரும் ஒரு கொல்லர் மகன்தான். ஆனா ஐரோப்பியக் கொல்லர்கள் பலருக்கு அந்த எஃகு பிடி கொடுக்கலை. தங்களோட இரும்புக்குப் பழகின வெள்ளைச் சூட்டில் வச்சு அடிச்சாங்க, அது பொடிஞ்சு போச்சு. அதில் கார்பன் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும். அதுக்கு அடங்கின சிவப்புச் சூடே போதும். எஃகில் குறையில்லை, கொடுத்த சூடுதான் தப்பு.

கட்டுமானத்திலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே தப்பினால் உயிர் போகும். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேல் 1928-ல் சில்வர் பிரிட்ஜ் கட்டினார்கள். பாலத்தைத் தாங்கினது வடம் இல்லை, எஃகுப் பட்டைகளைக் கோத்த சங்கிலி. பட்டைகளைக் காய்ச்சித் தோய்ச்சு வலுவேத்தி, ஒரு கண்ணிக்கு ரெண்டே பட்டை போதும்னு நிறுத்திட்டாங்க. வலு இருந்துச்சு, ஆனா விரிசலைத் தாங்குற பொறுமை இல்லை. துருவும் பாரமும் சேர்ந்து ஒரு பட்டையில் ரெண்டரை மில்லிமீட்டர் விரிசல் வளர்ந்தது. 1967 டிசம்பர் 15 அன்னைக்கு அந்தப் பட்டை முறிய, பாலமே ஆற்றில் விழுந்து 46 பேர் செத்தாங்க.

இப்போ நம்ம வீட்டுக் கம்பிக்கு வருவோம். முன்னாடி மழமழன்னு இருக்கிற சாதாக் கம்பி. அப்புறம் டார் கம்பி. சூடு இல்லாமலே முறுக்கி வலுவேத்தினது, ஆனா அந்த முறுக்கிலேயே அதோட வளையும் குணம் குறைஞ்சுடும். 1970-களில் பெல்ஜியத்தில் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்த வழியில் வர்றதுதான் நாம டிஎம்டின்னு வாங்குறது. ஆலையில் உருட்டி வெளியே வரும்போது கம்பி கிட்டத்தட்ட ஆயிரம் டிகிரியில் இருக்கும். அப்போ ஒரு நொடி, ரெண்டு நொடிக்குத் தோல் மட்டும் குளிர்ற மாதிரி தண்ணியைப் பீய்ச்சுவாங்க. தோல் கெட்டியாகும், உள்ளே இன்னும் செவந்தே இருக்கும். அந்த உள்சூடு வெளியே வந்து தோலைப் பதப்படுத்தும். நடு மெதுவா ஆறி மென்மையா நிக்கும். முனையை மழமழன்னு தேய்ச்சு அமிலம் தடவினா, வெளியே ஒரு கருவளையம் தெரியும்.

படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துப் போச்சுங்க. பெரியவர் கொடுவாள் முதுகுச் சூட்டை வாய்க்கு இறக்குறதும் இதேதானே! அளவுதான் வேற. கொடுவாளுக்குக் கூர்மை வேணும், அதனால 300 டிகிரிக்குள்ளேயே நிறுத்திடுவார். தூணுக்குக் கூர்மை எதுக்கு? நிலம் அசைஞ்சாலும் ஒடியாம வளைஞ்சு குடுக்கணும். அதனால கம்பித் தோலை 600 டிகிரி பக்கம் வரைக்கும் பதப்படுத்துறாங்க. கம்பியில் ஃஎப்இ 500 டி-ன்னு போட்டிருந்தா, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை நிரந்தரமா நீளாம தாங்கும்னு அர்த்தம். கடைசி 'டி' வளையும் தன்மையைக் குறிக்குது. அதைக் கரி நெருப்பில் மறுபடியும் செவக்கக் காய்ச்சி ஆறவிட்டா, அந்தத் தோல் போயிடும். பார்வைக்கு அதே கம்பி, எழுத்தும் அதே எழுத்துதான். வலு மட்டும் இருக்காது.

அன்னைக்கு நாலு கம்பியை ஏற்கெனவே காய்ச்சி வளைச்சு, குழியில் நிறுத்திட்டோம். கம்பி கட்ட வந்தவர், "எல்லா இடத்துலயும் இப்படித்தாங்ண்ணா பண்றோம்"னார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரலை, எனக்கும் தெரியலை. ஆனா என் பேரப் பிள்ளைங்க தூங்கப்போற வீடு. நாலையும் உருவிட்டுப் புதுசு போட்டோம். வளைக்கிறதுக்கு நீளமான நெம்பு குழாய் போட்டு, ரெண்டு ஆள் சேர்ந்து பச்சையாவே வளைச்சாங்க. உருவின கம்பிங்க இப்போ மிளகுக் கொடிக்கு முட்டாக நிக்குது.

பெரியவருக்கு இந்த வருசம் கண் சரியாத் தெரியலை. நிறம் பார்க்க முடியாதுன்னு பட்டறையை மூடிட்டார். மகன் கீழே நாமக்கல்லில் லாரி ஓட்டுறார். டிஎம்டி ஆலையில் இந்த வேலையைக் கருவி பார்த்துக்குது. எங்க மலையில் கொடுவாளுக்கு நிறம் பார்க்க இப்போ ஆள் இல்லை.

நீங்க ஊருல வீடு கட்டினா, கம்பி வளைக்கிற இடத்துல நெருப்பு இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. இருந்தா அணைக்கச் சொல்லுங்க.