உண்ணியை அரைத்த பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்றொரு ஆறு. கிழக்குக் கரைக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். மேற்குக் கரையிலோ வசந்தம் பிறந்தாலே பயம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி உடம்பெங்கும் பரவும், காய்ச்சல் கொதிக்கும். படுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எழவில்லை. மலையிலிருந்து உருகி வரும் பனித்தண்ணீரைக் குடிப்பதால் வரும் நோய் என்று ஊரில் பேச்சு.

1906இல் சிகாகோவிலிருந்து வந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ், தண்ணீரை விட்டுவிட்டு உண்ணியைப் பிடித்தார். கினிப்பன்றிகளைக் கடிக்கவிட்டு, காய்ச்சலைக் கடத்துவது அதுதான் என்று நிரூபித்தார். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் நோய் தொற்றுவதைக் கண்டார். 1910இல் டைஃபஸ் காய்ச்சலை ஆராய மெக்சிகோ போனவரை அந்த டைஃபஸே கொண்டுபோனது. ரிக்கெட்சியா என்ற கிருமி இனத்துக்கு அவர் பெயர்தான்.

இதே உண்ணிக்கு இன்னொரு கைவரிசையும் உண்டு. பெண் உண்ணி ஐந்தாறு நாள் விடாமல் இரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி உப்பும்போது, அதன் எச்சிலில் ஒரு நஞ்சு சுரக்கும். முதலில் கால் தள்ளாடும். பிறகு நிற்க முடியாது, கை தூக்க வராது, விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு நிற்கும். அதிகம் சிக்கியது சிறுமிகள், ஏனென்றால் உண்ணி கூந்தலுக்குள் ஒளிந்திருக்கும். இளம்பிள்ளை வாதமோ என்று மருத்துவர் குழம்பும் நேரத்தில் யாராவது தலையைத் துழாவி அதைப் பிடுங்கிப் போட்டால் போதும், பெரும்பாலும் ஓரிரு நாளில் குழந்தை எழுந்து நடக்கும். (ஆஸ்திரேலிய உண்ணிக்கு இந்தத் தயவு கிடையாது, பிடுங்கிய பிறகும் ஓரிரு நாள் வாதம் ஏறும்.)

புள்ளிக் காய்ச்சல் அப்படிப் பிடுங்கிப் போடக்கூடியதல்ல. 1921இல் மாநில மேலவை உறுப்பினர் ஒருவரும் அவர் மனைவியும் இறந்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது! ஆள் இல்லாத பழைய பள்ளிக்கூடம் ஆய்வகமானது. ஆட்கள் வெள்ளைத் துணியைப் புதர்மேல் இழுத்துப் போய், ஒட்டிய உண்ணிகளைச் சேகரித்தார்கள். ஸ்பென்சர், பார்க்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நோயுள்ள உண்ணிகளை அரைத்து, கார்பாலிக் அமிலத்தில் கிருமியைக் கொன்று தடுப்பூசி செய்தார்கள். 1924இல் ஸ்பென்சர் முதலில் தன் கையிலேயே குத்திக்கொண்டார். அந்த வேலையில் ஊழியர்கள் சிலர் அதே காய்ச்சலுக்குப் பலியானார்கள்.

1928இல் ஹாமில்டன் நகரில் புதுக் கட்டடம் எழும்பியபோது அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். உண்ணி தப்பி வெளியே வராமலிருக்க, கட்டடத்தைச் சுற்றி அகழி வெட்டித் தண்ணீர் விட்டார்கள்.

1940களின் இறுதியில் ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்ததும் அரைத்த உண்ணிக்கு வேலையில்லாமல் போனது. ஆய்வகத்தை மூடவில்லை. 1981இல் அங்கே வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் நியூயார்க் பக்கத்து உண்ணிகளின் குடலை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுருள் சுருளாக ஏதோ தென்பட்டது. லைம் நோயின் கதை அது; அடுத்த வாரம்.